புதிய பள்ளிக்கு முன் ஒரு கோடை விடுமுறை: கேள்வி பதில்

31 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். அதில் 4 முறை பள்ளி மாறினேன். ஒவ்வொரு முறையும் பழைய பள்ளிக்கும் புதிய பள்ளிக்கும் நடுவே ஒரு கோடை விடுமுறை வந்தது. அந்த விடுமுறையைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், கையில் ஆறு வாரம் இருக்கிறது. ஆண்டு முழுவதற்குமான பாடக்குறிப்பை இப்போதே எழுதி முடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. நான் அதைச் செய்து பார்த்தவள். இரண்டாவது முறை பள்ளி மாறியபோது விடுமுறையில் ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்து முதல் பருவம் முழுவதற்கும் எழுதினேன். வகுப்புக்குள் போன மூன்றாம் நாள், பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பின்னங்களைக் கூட்டவே வரவில்லை என்று தெரிந்தது. என் குறிப்போ சமன்பாட்டில் தொடங்கியது. பாடுபட்டு எழுதியது வீணாகிவிடுமே என்று இரண்டு வாரம் அதையே பிடித்துக்கொண்டு நடத்தினேன். அந்த வகுப்புக்கு நான் செய்த தவறு அது.

முகம் பார்க்காத பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டுப் பாடத்தை எழுத முடியாது. அதற்குப் பதில் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை மாணவராக வாசியுங்கள். பயிற்சிகளை நீங்களே போட்டுப் பாருங்கள்; எங்கே உங்கள் கை தயங்குகிறதோ அங்கே ஒரு குறி வையுங்கள். எந்தப் பாடம் எதன்மேல் நிற்கிறது என்று ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். முழுக் குறிப்பு முதல் வாரத்துக்கு மட்டும் போதும். இதற்கெல்லாம் கடைசி இரண்டு வாரம் தாராளம். முதல் நான்கு வாரம் உங்களுடையது, நன்றாகத் தூங்குங்கள்.

பள்ளி திறப்பதற்கு முன் ஒரு நாள் போய்ப் பார்த்து வரலாமா? எதைக் கேட்க வேண்டும்?

கட்டாயம் போங்கள், தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. கால அட்டவணை, பாடநூல், வருகைப் பதிவு முறை, தீ விபத்து என்றால் எந்த வாசல் வழியாகப் பிள்ளைகளை வெளியேற்றுவது ஆகியவற்றைக் கேளுங்கள். பிறகு உங்கள் வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பலகையைப் பாருங்கள். அங்கிருந்து தெரியாத அளவில் எழுதினால் பின்வரிசையை இழந்துவிடுவீர்கள். அலுவலக உதவியாளரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். பள்ளி உண்மையில் எப்படி நடக்கிறது என்று அவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

எனக்கு முன் அந்த வகுப்பை நடத்தியவர், 'இவர்களிடம் கவனமாக இருங்கள்' என்று ஏழு பிள்ளைகளின் பெயர்களை அனுப்பியிருக்கிறார். என்ன செய்வது அம்மா?

நன்றி சொல்லுங்கள். மடித்து வைத்துவிடுங்கள், முதல் மாதம் திறக்காதீர்கள்.

ராபர்ட் ரோசெந்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் 1968-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஒரு தொடக்கப் பள்ளியில் சில பிள்ளைகளைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, 'இவர்கள் இந்த ஆண்டு வேகமாக வளருவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் (முதல், இரண்டாம் வகுப்பில்) அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினார்கள். விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னாளில் கடும் விவாதம் எழுந்தது உண்மை. ஆனால் 'இவன் தேற மாட்டான்' என்று முன்கூட்டியே கேட்டுவிட்ட காது, அந்தப் பையனின் நல்ல பதிலைப் பாதிதான் கேட்கும். என் வகுப்பறையில் நான் கண்டது இது.

விலக்கு ஒன்று உண்டு. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, பார்வை, செவித்திறன், வீட்டில் நேர்ந்த இழப்பு: இவற்றை முதல் நாளுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தள்ளிப்போடக் கூடாது.

ஒவ்வோர் ஆண்டும் திறந்த முதல் வாரமே தொண்டை கட்டிக்கொள்கிறது.

வாரக்கணக்கில் ஓய்ந்திருந்த குரலை ஒரே நாளில் ஆறு மணி நேரம் உழைக்கச் சொல்கிறீர்கள், அது தாங்காது. திறப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்து தினமும் சிறிது நேரம் வாய்விட்டு வாசியுங்கள், நேரத்தை மெல்லக் கூட்டுங்கள். வகுப்பில் அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். இரைச்சலுக்கு மேல் கத்தாதீர்கள். கை தட்டி, அமைதியானதும் பேசுங்கள். தொண்டை கட்டியபின் கிசுகிசுப்பாகப் பேசுவதும் குரலுக்குச் சுமைதான். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வருவார்கள். முதல் வாரம் பழைய பாடத்தைத் திரும்ப நடத்தலாமா?

திரும்ப நடத்துவதைவிடத் திரும்பக் கேளுங்கள். ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டியது இது: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள், ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே தினமும் ஐந்து சிறு கேள்விகள், மதிப்பெண் இல்லாமல். மறந்ததை ஒரு பிள்ளை தானே தேடி எடுக்கும் அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் 31 ஆண்டுகள் வகுப்புக்குப் போனேன்.

முதல் நாள் கேள்வி கேட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால்? நினைத்தாலே பயமாக இருக்கிறது.

காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அது மூன்று நொடியானால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் எழுதினார். மனத்துக்குள் மூன்று வரை எண்ணுங்கள். இதை விடுமுறையில் வீட்டிலேயே பழகலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த பள்ளியை விட்டு வந்துவிட்டேன். என் பிள்ளைகளைப் பாதியில் விட்டுவிட்டேனோ என்று இரவில் தூக்கமே வருவதில்லை.

அம்மா, இந்த வருத்தம் நல்ல ஆசிரியருக்குத்தான் வரும். அதை விரட்ட வேண்டாம். ஒரு வேலை கொடுங்கள். உங்கள் இடத்துக்கு வருபவருக்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதுங்கள். அதற்கு என்ன வரும், எதில் கைபிடிக்க வேண்டும், அவ்வளவே. 'கணக்கு சரியாகப் போடுவாள், விடையைச் சத்தமாகச் சொல்லக் கூச்சம்; பக்கத்தில் போய்க் கேளுங்கள்.' இப்படி. எழுதியதைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கொடுத்தனுப்புங்கள். அந்தக் கூச்சக்காரியின் பக்கத்தில் புதிய ஆசிரியர் போய் நிற்பார்.