வெள்ளாமைக்குத் தைலம் அடிக்கலாமா?

தாவரத் தைலங்களைப் பற்றி இந்தப் பெரும்போகத்தில் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். விவசாயப் போதனாசிரியராக வயலோடு கிடந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செங்கலடி: சேர், வயலில் எரிபந்தம் (நெல்லைத் தாக்கும் பங்கசு நோய்) வந்திருக்கு. கறுவாத் தைலம் அடித்தால் நிற்குமா?

தம்பி, அதை நம்பி இருக்காதீங்க. கறுவா இலைத் தைலத்திலும் கராம்புத் தைலத்திலும் யூஜினோல் என்ற பொருள் இருக்கிறது. அது பங்கசின் கலச்சவ்வைக் குலைத்துவிடும். ஆய்வுகூடத் தட்டில் எரிபந்தப் பங்கசை அடக்குவதும் உண்மைதான். ஆனால் வட்டையில் அடித்த தைலம் வெயிலுக்கும் காற்றுக்கும் சீக்கிரமே ஆவியாகிப் போகும். நோயோ ஒவ்வொரு இரவும் பனி ஈரத்தில் புதிதாகத் தொற்றும். இலையில் கண் வடிவத்தில், நடு சாம்பலாய், ஓரம் கபிலமாய்ப் புள்ளி கண்டதும் யூரியாவை நிறுத்துங்கள். வயலைக் காயவிடாதீர்கள். உங்கள் பகுதிப் போதனாசிரியர் சொல்லும் பங்கசுநாசினியைக் குடலைப் பருவம் (கதிர் வெளிவராமல் தண்டுக்குள் இருக்கும் பருவம்) தாண்டுமுன் அடியுங்கள். கதிரின் கழுத்து கறுத்துவிட்டால் அந்தக் கதிர் பதர்தான், எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

சம்மாந்துறை: அடித்துப் பார்த்தேன், இலை கருகிப்போச்சு. ஏன்?

தைலமும் தண்ணீரும் சேராது. வாளியில் ஊற்றிப் பாருங்கள், மேலே பளபளவென்று கண் கண்ணாக மிதக்கும். அந்தக் கண் இலையில் பட்ட இடமெல்லாம் பொசுங்கும். முதலில் தைலத்தைத் திரவ சவர்க்காரத்தோடு நன்றாகக் குழைத்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பின்னேரம் ஒரு மூலையில் மட்டும் அடித்து மூன்று நாள் பாருங்கள். கையுறை கட்டாயம், கறுவாப் பட்டைத் தைலம் தோலையும் எரிக்கும்.

திருக்கோவில்: வேப்பெண்ணெயும் இதுதானே?

இல்லை. வேப்பெண்ணெய் விதையைப் பிழிந்தெடுப்பது, ஆவியாகாது. தைலம் நீராவியில் வடித்தெடுப்பது. உங்கள் மணல் நிலத்தில் வரும் கபிலப் புள்ளி நோய்க்கு இரண்டையும்விடப் பொட்டாசியம்தான் முக்கியம். நோயில்லாத வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே பரப்புங்கள், பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

அக்கரைப்பற்று: 2021இல் மருந்து இல்லாமல் தவித்தோமே, அப்போது இது உதவியிருக்குமா?

உதவியிருக்காது. இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் அரசாங்கம் போட்ட அந்தத் தடை வந்த வேகத்தில் எந்த மாற்றுக்கும் ஆயத்தப்பட நேரம் இருக்கவில்லை. வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன்.

புல்லுமலை: சோளன் மூட்டையில் பூஞ்சணம். தைலம் தெளிக்கலாமா?

பூத்த பிறகு வேண்டாம். பூஞ்சணம் விட்ட அஃப்லாடொக்சின் நஞ்சு தைலத்தால் போகாது, கோழிக்கும் போடாதீர்கள். அடுத்த முறை, மணியைக் கடித்தால் டக்கென்று உடையும்வரை காயவைத்துப் பிறகு கட்டுங்கள்.

வெல்லாவெளி: அப்ப இந்தத் தைலம் எதுக்குத்தான் உதவும் ஐயா?

விதைக்கு, மகள். எரிபந்தமும் கபிலப் புள்ளியும் விதையோடும் வரும். அங்கே வெயில் இல்லை, மழை இல்லை, கொஞ்சத் தைலமே போதும். எனக்கு நம்பிக்கை உள்ள இடம் இதுதான். கூடினால் முளையும் சாகும் என்பதால், தைலம் காட்டிய நூறு நெல்லையும் காட்டாத நூறையும் ஈரச்சாக்கில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். ஏழாம் நாள் இரண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு மீதி விதையில் கை வையுங்கள்.