சூடானால் கிளம்பாத 1994 மாருதி 800

கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்; இப்போதே மாற்ற வேண்டாம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை சுமார் 40 கி.மீ. நன்றாக ஓடி, காப்பிக்காகப் பத்து நிமிடம் நிறுத்தியதும் கிளம்ப மறுத்து, அரை மணி நேரம் ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் கிளம்புவதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பெட்ரோல் சூட்டில் ஆவியாகிறது என்றே முதலில் சந்தேகிக்கிறேன்.

ஓடும்போது எதிர்க்காற்றும், டேங்கிலிருந்து தொடர்ந்து வரும் பெட்ரோலும், அதை இழுத்துத் தரும் பம்பைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, 796 சிசி எஞ்சினின் சூடு அதன்மீதே பொருத்தப்பட்ட மெக்கானிக்கல் பம்பிலும் கார்புரேட்டரிலும் ஏறிவிடுகிறது; உள்ளே ஆவியான பெட்ரோலைப் பம்பால் சரியாகத் தள்ள முடிவதில்லை. (சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.)

1. அடுத்த முறை நின்றதும், பிழிந்த ஈரத்துணியைப் பம்பின்மீது ஐந்து நிமிடம் போட்டுவையுங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரில் நீர் சொட்டக்கூடாது. உடனே கிளம்பினால் காரணம் பெரும்பாலும் ஆவிதான்.

2. கிளம்பாவிட்டால் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் எஞ்சினுக்குள் பெட்ரோல் மிகுந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்காமல், முழுவதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

பெட்ரோல் சரியாக வந்தும் கிளம்பவில்லையென்றால், பிளக்கின் தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் சூட்டில் மட்டும் செயலிழக்கிறதா என்றும் சோதிக்க வேண்டியிருக்கும். ஆனால் பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் தீப்பொறிச் சோதனை செய்யவே கூடாது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கக்கூடும் என்பதால், 1994-இன் குழாய்களே இன்னும் இருந்தால், எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக முதலில் மாற்றிவிடுங்கள்.