டேஷ்போர்டுக்குள் ஒரு இசிஜி

கேள்வி: எனக்கு 49 வயது. பாலக்கோடு தக்காளி மண்டியில் சொந்தமாக ஒரு 'சின்ன யானை' சரக்கு வண்டி ஓட்டுகிறேன். தை மாதம் ஒருநாள் விடியற்காலை லோடு ஏற்றும்போது நெஞ்சை அடைத்து, அந்தப் பனியிலும் வியர்த்துக் கொட்டியது. ஒரு மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள். "அட்டாக் இல்லை. ஆனால் பிரஷர் 170/110 இருக்கிறது. மாத்திரை போடுங்கள், எக்கோவும் டிரெட்மில்லும் பார்க்க அடுத்த வாரம் வாருங்கள்" என்றார் டாக்டர். நான் போகவில்லை. பத்து மாத்திரை அட்டை 48 ரூபாய் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். வீட்டில் வாயுப்பிடிப்பு என்று சொல்லிவிட்டேன். இசிஜி தாள் வண்டியின் டேஷ்போர்டில் இருக்கிறது. வண்டித் தவணை மாதம் 11,400, இன்னும் 19 மாதம். கைமாற்று 80,000, மூன்று வட்டி. இது மனைவிக்குத் தெரியாது. மகள் நர்சிங் இரண்டாம் வருடம். அவள் கல்யாணத்துக்கென்று மாதம் 5,000 ஏலச்சீட்டு, 20 மாதத்தில் 12 முடிந்தது, இன்னும் எடுக்கவில்லை. இன்சூரன்ஸ் போடலாம் என்றால் ஏஜென்ட் "பிரஷர் இருப்பதை எழுத வேண்டாம்" என்கிறார். மனைவி மகளிர் குழுவில் இருக்கிறார், குழுக் கணக்கெல்லாம் அவர்தான் எழுதுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை யோசனைதான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவர்கள் கதி என்ன? மனசு அமைதியாக ஒரு வழி சொல்லுங்கள். தியானம் செய்யலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாலக்கோடு

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் தம்பி, நான் தடுக்கவில்லை. ஆனால் 170/110 கண்ணை மூடி உட்கார்ந்தால் இறங்கிவிடாது. மூன்று வட்டிக்காரரும் நீங்கள் தியானத்தில் இருக்கிறீர்கள் என்று திரும்பிப் போய்விட மாட்டார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வண்டித் தவணை, சீட்டு, வட்டி எல்லாம் ரூபாய் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். தைக்கு அப்புறம் பிரஷர் எவ்வளவு இருந்தது என்று ஒரு வரி கூட இல்லை. பார்க்கவே இல்லை, அப்படித்தானே? பயப்படுகிற ஆள் பயப்படுகிற இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் மாதம் 15 மாத்திரை மிச்சம். உங்கள் விலைப்படி 72 ரூபாய். 80,000க்கு மூன்று வட்டி என்றால் மாதம் 2,400, அதாவது ஒரு நாளைக்கு 80 ரூபாய். ஆக, ஒரு மாதம் முழுக்க உயிரைப் பணயம் வைத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒரு நாள் வட்டிக்குக்கூடக் காணாது. மண்டியில் ஒரு தக்காளிப் பெட்டிக்கு இரண்டு ரூபாய் வாடகை குறைத்துக் கேட்டால் சண்டைக்குப் போகிற ஆள்தானே நீங்கள்?

பிரஷர் என்பது வலி வந்தால் போட்டு வலி நின்றால் விடுகிற தலைவலி சமாச்சாரம் இல்லை. பெரும்பாலும் அது எந்த அறிகுறியும் காட்டாது. சத்தமில்லாமல் ரத்தக்குழாயையும் சிறுநீரகத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு மாத்திரை, நாளைக்கு இல்லை என்றால் அது ஏறி இறங்கி ஆட்டம் போடும். அதற்கு அந்த 48 ரூபாயையும் கொடுக்க வேண்டியதில்லை. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால் மாத்திரை இலவசம். எக்கோவுக்கும் டிரெட்மில்லுக்கும் செலவாகுமே என்று நினைத்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் விசாரியுங்கள். ஒருநாள் வண்டி ஓடாது, அவ்வளவுதான். தக்காளி விலை விழுந்து, பறித்த கூலிகூட வராது என்று செடியிலேயே விடுகிற வாரங்களில் உங்கள் வண்டி எத்தனை நாள் சும்மா நின்றிருக்கும்!

இன்னொன்று. மறுபடி அப்படி அடைத்து வியர்த்தால் சோடா குடித்து, பூண்டு சுட்டுத் தின்று, 'ஏப்பம் விட்டால் சரியாகிவிடும்' என்று உட்காராதீர்கள். நம் ஊரில் பாதி மாரடைப்பு முதல் ஒரு மணி நேரத்தை வாயு என்ற பெயரில்தான் கழிக்கிறது. 108க்கு அடியுங்கள். நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். வழியில் மயங்கினால் உங்களோடு போகாது, எதிரில் வருகிறவனையும் சேர்த்துக்கொண்டு போகும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு 2023லிருந்து இருக்கிறது. அருகில் இருப்பது அதுவென்றால் அங்கே போகலாம்.

அடுத்து பணம். உங்கள் கடன்களில் விஷம் ஒன்றுதான்: அந்த மூன்று வட்டி. ஆண்டுக்கு 36 சதவிகிதம். வண்டித் தவணைக்கு முடிவு தேதி இருக்கிறது, 19 மாதத்தில் வண்டி உங்களுடையது. கைமாற்றுக்கு முடிவு கிடையாது, ஆயுசு பூராவும் வட்டி கட்டினாலும் 80,000 அப்படியேதான் நிற்கும். ஒரு கையில் 36 வட்டிக்குக் கடன், இன்னொரு கையில் எடுக்காத சீட்டு. இது என்ன கணக்கு?

வருகிற ஏலத்தில் சீட்டை எடுங்கள். 1,00,000 சீட்டில், ஏலத்தில் விட்டுக்கொடுக்கிற தள்ளுபடி 10,000 போனால்கூடக் கையில் 90,000. கைமாற்றை அடைத்துப் பத்திரத்தைக் கையில் வாங்கிக் கிழியுங்கள். கடைசிச் சீட்டுவரை காத்திருந்தால் அந்த 8 மாதத்துக்கு வட்டி மட்டும் 19,200. ஆக, தள்ளுபடி போனாலும் லாபம் உங்களுக்குத்தான். மகள் கல்யாணத்துக்கு என்கிறீர்கள். அவள் இன்னும் படிப்பையே முடிக்கவில்லை, முடித்துச் சம்பாதிக்கட்டும். (சீட்டு நடத்துகிறவர் 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்தவரா என்றும் ஒருமுறை கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறார் என்றால் எடுப்பதற்கு அது இன்னொரு காரணம்.)

"எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்" என்றீர்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலை வங்கிக் கிளையில் கேட்க வேண்டும். கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே பிரதமர் ஜீவன் ஜோதி பீமா என்று ஒன்று உண்டு. ஆண்டுக்கு 436 ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். சேரும் வயது 50 வரைதான். அதற்குள் சேர்ந்துவிட்டால் 55 வரை தொடரலாம். உங்களுக்கு 49. புரிகிறதா, ஏன் இந்த வாரமே என்கிறேன்? சேர்ந்த முதல் 30 நாளில் விபத்தைத் தவிர வேறு காரணத்தால் இறந்தால் பணம் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். கூடவே 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு, அதுவும் 2 லட்சம். தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்குகிறவர் 20 ரூபாயை யோசிக்கக் கூடாது. 2 லட்சத்தில் குடும்பம் ஓடிவிடுமா? ஓடாது. ஆனால் வண்டித் தவணைக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது உங்கள் மனைவி யாரிடமும் கை நீட்ட வேண்டியிராது.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பதியுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், இதய அறுவை சிகிச்சையும் அதில் அடக்கம். மாத்திரைச் செலவுக்கு அது உதவாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்கிற, பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான்.

அந்த ஏஜென்ட் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு கமிஷன் பாலிசி போட்ட அன்றைக்கே வந்துவிடும். நீங்கள் படுத்த அன்றைக்கு, தை மாதத்து இசிஜியைத் தோண்டி எடுத்து "மறைத்துவிட்டார்" என்று கம்பெனி கையை விரிக்கும். இருப்பதை எழுதிப் போட்டால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்கச் சொல்வார்கள், பிரீமியம் கொஞ்சம் கூடலாம். மற்ற பெரும்பாலான நோய்களுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

சரி, இவ்வளவும் சொல்லியாயிற்று. ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதெல்லாம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்பது முதலில் முளைத்த மண் எது தெரியுமா? நம் தருமபுரி. 1989ல், பன்னாட்டு நிதி உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது நம்மோடுதான் இருந்தது, 2004ல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த பெண்கள் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், தனிநபர் பேரேடு என்று எழுதப் பழகியது இந்தக் கேழ்வரகுக் காட்டில்தான். யார் எவ்வளவு வாங்கினார், எத்தனை தவணை பாக்கி, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று பத்துப் பதினைந்து பேர் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசித் தீர்க்கிற வழக்கம் அவர்களுடையது. மாத்திரை கொண்டுவந்து தரும் சுகாதாரத் தன்னார்வலர்களும் அந்தக் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். அப்படி ஒரு குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறார். ஊரார் கடனுக்கெல்லாம் அவர் வட்டி போடுவார், அவர் புருஷன் கடன் மட்டும் அவருக்குத் தெரியாது! அவரை விட்டுவிட்டு, முகம் தெரியாத என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

அவர் பயந்துவிடுவார் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு இப்போது 61. ஐம்பதைத் தாண்டிய வருடம், பல் பிடுங்கப் போன இடத்தில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை 290 என்றார்கள். அந்தச் சீட்டை நான்காக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். பஞ்சாங்கத்தை நான் தவிர வீட்டில் யார் தொடப்போகிறார்கள் என்ற துணிச்சல். நான்கு மாதம் கழித்து, மச்சினன் மகள் காதுகுத்துக்கு நாள் பார்க்க எடுத்தாள் என் வீட்டுக்காரி. அடுப்படியிலிருந்தபடியே, "ஏங்க, இந்த 290 யாருக்குங்க?" என்றாள். "ஆபீஸ் பையனுக்கு" என்றேன். மேலே என் பெயர் அச்சாகியிருந்தது. அன்றைக்கு அவள் கோபித்துக்கொண்டது சர்க்கரைக்காக இல்லை. அந்த நான்கு மாதமும் தினம் எனக்கு மூன்று வேளை சோறு போட்டுக்கொண்டிருந்தாளே, அதற்காக. மறுநாளிலிருந்து ராத்திரிக்குக் களி உருண்டை பாதியானது, கீரை இரண்டு மடங்கானது. எனக்குத் தூக்கமும் அன்றுதான் திரும்ப வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை.

உங்கள் வீட்டில் சண்டை வரும். பொய் சொல்ல மாட்டேன். பிரஷரை மன்னித்துவிடுவார், மூன்று வட்டியைச் சீக்கிரம் மன்னிக்க மாட்டார். குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்குப் பணம் கிடைக்கிறபோது வெளியில் ஏன் மூன்றுக்குப் போனாய் என்றுதான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் யோசித்துக்கொண்டு போங்கள். மண்டி இல்லாத ஒரு சாயங்காலமாகப் பாருங்கள், மகள் விடுதியில் இருக்கும் நாளாக. ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதிக் கையில் கொடுங்கள், வாயால் சொன்னால் பாதியை முழுங்கிவிடுவீர்கள். அவரையே கூட்டிக்கொண்டு போய் எக்கோ எடுங்கள்.

கடைசியாக ஒன்று. இசிஜி தாள் சூடு பட்டால் மங்கிவிடும் ரகம். பங்குனி வெயிலில் டேஷ்போர்டுக்குள் இன்னும் இரண்டு வாரம் கிடந்தால் வெறும் கட்டம் போட்ட காகிதம்தான் மிஞ்சும். அடுத்த டாக்டர் முதலில் கேட்கப்போவது பழைய இசிஜியைத்தான். இன்றைக்கே எடுத்து ஒரு ஜெராக்ஸ் போட்டுவிட்டு, இரண்டையும் பீரோவில் உங்கள் மனைவியின் குழு நோட்டுப் பக்கத்தில் வையுங்கள்.