புயலும் நிலநடுக்கமும் கிரகணமும் நமக்கு ஏதாவது சொல்கின்றனவா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் "இது முன்பே சொல்லப்பட்டது", "சனிப்பெயர்ச்சியின் விளைவு", "கிரகணம் வந்தால் இன்னும் இருக்கிறது" என்று செய்திகள் வருகின்றன. அம்மா பயந்து நித்திரை கொள்வதில்லை. இவற்றில் உண்மையிலேயே ஏதாவது அர்த்தம் இருக்கிறதா, அல்லது எல்லாமே தற்செயலா?

பதில்:

அம்மாவின் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள். அவர் நம்பும் நூலை ஒதுக்கிவிட்டு விஞ்ஞானம் பேசினால் காதில் ஏறாது. அந்தச் செய்திகளில் முக்கால்வாசியைப் பஞ்சாங்கமே தள்ளிவிடும்.

ஒரு செய்தியை முழுதாக எடுத்துப் பார்ப்போம். 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை மியன்மாரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. "சனிப்பெயர்ச்சியும் சூரிய கிரகணமும் ஒன்றாக வந்ததன் விளைவு" என்று உடனே செய்தி பரவியது. கிரகணம் 29ஆம் திகதி, நடுக்கம் 28ஆம் திகதி. முதல் நாள் நடந்ததற்கு மறுநாள் வந்தது காரணமாகாது. அடுத்தது, அந்தக் கிரகணம் தெரிந்தது ஐரோப்பாவிலும் வடமேற்கு ஆபிரிக்காவிலும் வட அமெரிக்காவின் வடகிழக்கிலும். மியன்மாரிலும் தெரியவில்லை, கொழும்பிலும் தெரியவில்லை. ஓர் ஊரில் கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்கு அந்த ஊரில் தோஷமும் இல்லை, அனுட்டானமும் இல்லை என்பது பஞ்சாங்கக்காரர்களே சொல்லும் விதி. மூன்றாவது, பஞ்சாங்கத்தில் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு கணக்கு முறைகள் உண்டு. மார்ச் 29 சனிப்பெயர்ச்சி என்பது திருக்கணிதக் கணக்கு. வாக்கியக் கணக்கில் அது 2026 மார்ச் 6. சனி பகவானுக்குப் பேர்பெற்ற திருநள்ளாறு கோவில் வாக்கியத்தையே பின்பற்றுகிறது. 2025இல் தங்களுக்குப் பெயர்ச்சி இல்லை என்று கோவில் தரப்பே அறிவித்தது. இரண்டு கணக்குக்கும் இடையில் 11 மாதம். இந்த இடைவெளிக்குள் எந்தத் துன்பம் நடந்தாலும் ஒரு கணக்கில் "பெயர்ச்சிக்குப் பிந்திய பலன்" என்றும் மற்றதில் "பெயர்ச்சிக்கு முந்திய அறிகுறி" என்றும் சொல்லிவிடலாம். 2025 நவம்பரில் வந்த டித்வாவும் இந்த இடைவெளிக்குள்தான் விழுந்தது. எப்படி விழுந்தாலும் பொருந்துகிற கணக்கு எதையும் முன்னறிவிப்பதில்லை.

மியன்மார் நடுங்கியதற்கு மண்ணுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. அந்த நாட்டின் நடுவே வடக்குத் தெற்காகச் சகாயிங் பிளவு ஓடுகிறது. இரண்டு நிலத்தட்டுகள் அங்கே பக்கவாட்டில் உரசி, இறுகிப் பிடித்து, ஒருநாள் வழுக்குகின்றன.

இனி "அன்று விசேட நாள்" என்ற வாதம். ஒரு சந்திர மாதத்தில் 30 திதி. அமாவாசை, பூரணை, இரண்டு சதுர்த்தி, இரண்டு சட்டி, இரண்டு அட்டமி, இரண்டு நவமி, இரண்டு ஏகாதசி, இரண்டு பிரதோஷம் என்று எண்ணினால் 14 வரும். ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு நாள் ஏதோவொரு வகையில் விசேடம்தான். பகல் 12 மணித்தியாலத்தில் இராகுகாலமும் எமகண்டமும் சேர்ந்து 3 மணித்தியாலம். ஆக, பகலில் நடப்பவற்றில் காற்பங்கு அவற்றில் ஒன்றுக்குள் விழும். டித்வா தாக்கிய 2025 நவம்பர் 28 வளர்பிறை அட்டமி. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு ஞானம் தேவையில்லை, நாட்காட்டி போதும்.

சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26 பூரணை நாள், இலங்கையில் போயா விடுமுறை. இதை இன்றைக்கும் மர்மமாகச் சொல்வார்கள். பூரணைக்கும் முன்பின் ஒரு நாளுக்கும் இடம் கொடுத்தால் பத்து நாளில் ஒன்று, அமாவாசையையும் அப்படியே சேர்த்தால் ஐந்து நாளில் ஒன்று என்று கணக்கு வரும். ஆனால் அந்தப் பூரணைக்கு உண்மையான ஒரு தொடர்பு உண்டு, அதை யாரும் பகிர்வதில்லை. ஞாயிறும் போயாவும் நத்தார் விடுமுறையும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் அன்று காலை கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன ரயில் சனத்தால் நிரம்பியிருந்தது. பெரலியவில் அலை அந்த ரயிலைத்தான் அடித்தது. சந்திரன் அங்கே மனிதரின் விடுமுறை வழியாக வந்து சேர்ந்தது. ஒரு நாளின் அர்த்தத்தைத் தேடுகிறவர் இந்த வகைத் தொடர்பைத் தேடினால் கையில் ஏதாவது மிஞ்சும்.

கிரகணத்துக்கும் நடுக்கத்துக்கும் சின்னக் கணக்கு ஒன்று போதும். உலகில் 7 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கம் வருடத்துக்கு 15 அளவில் வருகிறது. கிரகணங்கள் பெரும்பாலும் இரண்டு வார இடைவெளியில் சோடியாக, வருடத்தில் இரண்டு பருவங்களில் வரும். ஒவ்வொன்றுக்கும் முன்பின் ஒரு கிழமை விட்டால் மொத்தம் 8 கிழமை. எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் அந்த 8 கிழமைக்குள் சராசரியாக இரண்டு பெரிய நடுக்கம் வரத்தான் வேண்டும். 2026 ஆகஸ்ட் 12 முழுச் சூரிய கிரகணம், அதே நாள் ஆடி அமாவாசை. சூரிய கிரகணம் எதுவும் அமாவாசையில்தான் வரும் என்பதை அம்மாவுக்கு நினைவுபடுத்துங்கள். கிரகண உச்சத்தில் கொழும்பில் நேரம் இரவு 11.16. சூரியன் நமக்குக் கீழே இருக்கும். பிதிர்க்கடன் செய்பவர்கள் வழமைபோலச் செய்யலாம்.

"முன்பே சொன்னார்கள்" என்பதைச் சோதிக்க வழி ஒன்றுதான்: நடப்பதற்கு முன் எழுதி வைப்பது. செய்தி வந்த அன்றே கைத்தொலைபேசிக் குறிப்பில் எங்கே, எப்போது, என்ன நடக்கும், எத்தனை நாள் முன்பின் ஏற்கலாம் என்ற நான்கையும் எழுதுங்கள். அந்தத் திகதிக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். பலரும் நான்காவதை விட்டுவிடுவார்கள், சோதனை உடைவது அங்கேதான். 2025 ஜூலை 5இல் ஜப்பானைப் பேரழிவு தாக்கும் என்று ஒரு சித்திரக்கதையை வைத்து உலகமெங்கும் பேச்சு எழுந்தது. ஜூலை 5 அமைதியாகக் கழிந்தது. ஜூலை 30 ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவில் நடுங்கி, ஜப்பானிலும் கரையோர மக்களை வெளியேறச் சொன்னார்கள். "பார்த்தீர்களா" என்று அதே பேச்சு திரும்பி வந்தது. 25 நாளும் இன்னொரு நாட்டின் கடலடியும் சேர்ந்து ஒரு தீர்க்கதரிசனத்துக்குள் அடங்கிவிட்டன.

யூடியூப் காணொளி என்றால் தலைப்பை நம்பாதீர்கள். பதிவேற்றிய பிறகும் தலைப்பை மாற்றலாம், உள்ளே பேசியதை மாற்ற முடியாது. பேச்சைக் கேளுங்கள். "இந்த வருடக் கடைசியில் நீரால் ஒரு கண்டம்" என்று மட்டும் இருந்தால், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இலங்கையில் அது எந்த வருடமும் பொய்க்காது. வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் வருவது பல கை மாறி வந்தது. அனுப்பிய உறவினருக்கும் எழுதியவர் யாரென்று தெரியாது. புயலின் பெயரில் பொருள் தேடும் செய்திகளை ஒரே வரியில் முடிக்கலாம்: டித்வா என்பது சொகோத்ரா தீவின் ஒரு கடனீரேரிப் பெயர், யெமன் கொடுத்தது, 13 நாடுகள் தலா 13 பெயர் கொடுத்து 2020இல் வெளியான பட்டியலில் வரிசைப்படி வந்தது.

இவ்வளவையும் சலித்த பிறகு மிஞ்சுவது என்ன? மிஞ்சுவது உண்டு. மலையகத்தில் ஒரே லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) ஒரு பக்கம் மண்ணுக்குள் போய் மறுபக்கம் நின்றது ஏன் என்று கேட்பவருக்கு, மண்ணின் சரிவையும் நீரின் அழுத்தத்தையும் சொன்னால் எப்படி நடந்தது என்பது விளங்கும். "ஏன் என் பிள்ளை" என்ற கேள்வி அப்படியே இருக்கும். அந்தக் கேள்வியை முட்டாள்தனம் என்று தள்ளுவது பெரும் தவறு. நம் சமயங்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் நிற்கின்றன, அங்கே அவை நாம் நினைப்பதைவிட அடக்கமாகப் பேசுகின்றன.

சிலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்ட இயேசு, தானே "இல்லை" என்கிறார். நபிகளாரின் குழந்தை இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தைக்காகத்தான் என்று மக்கள் சொன்னார்கள். அதை ஏற்றுக்கொண்டிருந்தால் அவருக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் மறைவதில்லை, கண்டால் தொழுங்கள் என்றுதான் அவர் சொன்னார். மோலிய சீவகன் என்ற துறவிக்குப் புத்தர் சொன்ன பதிலில் மனிதன் அனுபவிக்கும் வேதனைக்கு எட்டுக் காரணங்கள் வருகின்றன: பித்தம், சளி, வாயு, பருவ மாற்றம் என்று போய்க் கர்மம் கடைசியாக, எட்டில் ஒன்றாக நிற்கிறது. எல்லாமே முற்பிறப்பு வினை என்பவர்கள் எல்லை மீறிப் பேசுகிறார்கள் என்றும் அங்கே சொல்கிறார்.

சைவருக்குக் கோளறு பதிகம் இருக்கிறது. பாண்டிய அரசி மங்கையர்க்கரசியாரின் அழைப்பில் சம்பந்தர் மதுரைக்குப் புறப்படும்போது, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று அப்பர் தடுக்கிறார். அன்பினால் வந்த பயம் அது, உங்கள் அம்மாவின் பயம் போல. சம்பந்தர் கோள்களே இல்லை என்று வாதிடவில்லை. ஞாயிறு முதல் சனி வரை ஏழையும் பாம்பிரண்டையும் பெயர் சொல்லி அடுக்கி, "ஆசறு நல்ல நல்ல" என்று பாடிவிட்டுப் பயணம் போனார். 11 பாட்டு. கால் மணித்தியாலத்தில் நிதானமாகப் பாடி முடிக்கலாம். இரவு நித்திரைக்கு முன் கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, விளக்கின் முன் இருந்து அம்மாவோடு சேர்ந்து பாடுங்கள். அவருக்குப் பெரும்பாலும் மனப்பாடமாகவே இருக்கும்.

ஒரு நிகழ்வுக்கு யாராவது அர்த்தம் சொன்னால் அதை ஒரே கேள்வியால் அளக்கலாம்: இதைச் செத்தவீட்டு முற்றத்தில் நின்று, தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? 2019 ஏப்ரல் 21 காலை குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தை வைத்துப் பார்த்தால் இது கூர்மையாக விளங்கும். பிந்திப் போனதால் தப்பியவர் "உயிர் கிடைத்தது, நன்றி" என்றால் அது செபம். "என் பக்தி காப்பாற்றியது" என்றால், உயிர்ப்பு ஞாயிறன்று நேரத்துக்கே போய் முன்வரிசையில் முழங்காலில் இருந்தவரின் பக்திக்கு அது தீர்ப்பாகிவிடுகிறது.

உயிர் காக்கும் அடையாளங்களும் உண்டு, அம்மா பார்க்க வேண்டியவை அவைதான். மலைச்சரிவில் புதிதாக வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், இல்லாத இடத்தில் திடீரென ஊற்று, தெளிவாக வந்த ஊற்று கலங்குவது அல்லது வற்றுவது. மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் உறவினர் இருந்தால் களனி கங்கையின் நாகலகம் வீதி நீர்மட்டத்தைப் பாருங்கள். 5 அடியில் சிறுவெள்ளம், 7 அடியில் பெருவெள்ளம். கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் பெய்த மழை ஹங்வெல்லையைக் கடந்து கொழும்புக்கு வந்துசேர நேரம் எடுக்கும். அதனால்தான் இங்கே வெயில் எறிக்கும்போதும் தண்ணீர் ஏறுகிறது. வெயிலைக் கண்டு வீட்டுக்குத் திரும்புவது நடக்கிற பிழைகளிலேயே கொடியது.

டித்வாவில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலரின் உடல் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு முன்னுள்ள கேள்வி மிக நேரானது: எந்தத் திதியில் செய்வது? மண் 27ஆம் திகதி இரவு சரிந்ததா, விடிந்து 28இலா என்று தெரியாது. 27 என்றால் சப்தமி, 28 என்றால் அட்டமி. இறந்த மாதம் தெரிந்து திதி தெரியாதவருக்கு அந்த மாத அமாவாசையில் செய்யலாம் என்று வழக்கம் இடம் தருகிறது. கார்த்திகை அமாவாசையில் திவசம் வைக்கலாம். தகப்பனுக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திரா பூரணையும் எப்படியும் உண்டு. கொழும்பில் இருப்பவர்கள் ஆடி அமாவாசைக்கு முகத்துவாரம் போவார்கள். மலையிலிருந்து இறங்கும் களனி கடலில் கலக்கும் இடம் அது. குடும்பமே இல்லாமல் போனவர்களுக்கு உறவு இல்லாதவரும் கோவிலில் மோட்ச அருச்சனை செய்யலாம். பெயர் தெரியாவிட்டால் ஊரின் பெயரைக் குருக்களிடம் சொல்லுங்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது "ஏன்" என்று அங்கே யாரும் கேட்பதில்லை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.