நிதானமாகப் பருக எந்த ஸ்காட்ச், எந்த ஐரிஷ் விஸ்கி?

அவசரமில்லாமல் உட்கார்ந்து பருக எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் தேர்வு ரெட்பிரெஸ்ட் 12 என்ற ஐரிஷ் விஸ்கி (12 என்பது பீப்பாயில் ஊறிய ஆண்டுகள்). அயர்லாந்தின் கார்க் பகுதியில் உள்ள மிடில்டனில், செம்பு வாலைகளில், அதாவது வடிகலன்களில், மூன்று முறை வடிப்பது. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாததையும் சேர்ப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் முளைப்பார்லிக்கு வரி போட்டபோது பரவிய வழக்கம். நாக்கில் எண்ணெய் தடவினாற்போன்ற வழவழப்பும் லேசான காரமும் அந்த முளைகட்டாத பார்லி தருவதுதான். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயிலும் ஊறுவதால் உலர்திராட்சை வாசனை வேறு.

ஸ்காட்ச் என்றால் கிளென்மோரஞ்சி. அங்கே வாலைகள் 5 மீட்டருக்கு மேல் உயரம். கனமான ஆவி மேலேற முடியாமல் திரும்பிவிடும், அதனால் அத்தனை மென்மை. இன்னொரு ஸ்காட்சான லாகவூலின் 16 அருமைதான், ஆனால் அதன் புகை வாசனை எல்லா மாலைக்கும் ஒத்துவராது.

அப்புறம், ஐஸ் வேண்டாம். அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள், பழ வாசனை எழும்பி வரும்.