தீருவின் பெருமையும் கூலி கிடைக்காத பேரரசனும்: கேள்வி பதில்

வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 26 முதல் 28 வரை சேர்ந்து வாசித்து முடித்தபோது கேள்விகள் குவிந்துவிட்டன. மூன்று அதிகாரமும் தீருவைப் பற்றியவை: இன்றைய லெபனோன் கடற்கரையில், ஒரு தீவிலும் எதிர்க்கரையிலுமாக இருந்த பழைய துறைமுக நகரம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்: தீரு அப்படி என்ன பாவம் செய்தது ஐயா? வியாபாரம்தானே செய்தது?

26:2-ஐ மறுபடி பாருங்கள் அம்மா. எருசலேம் விழுந்த செய்தி கேட்டு தீரு "ஆ ஆ" என்கிறது. வாசல் உடைந்தது, இனி சரக்கெல்லாம் என் பக்கம் வரும் என்ற கணக்கு. பக்கத்து ஊர் எரிகிறது, இவர்கள் லாபம் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் இவர்கள் பழைய சிநேகிதர்கள். தேவாலயம் கட்ட சாலொமோனுக்குக் கேதுரு மரம் கொடுத்தவன் தீருவின் ராஜாவாகிய ஈராம்.

வியாபாரத்தையே தீர்க்கதரிசி பழிக்கவில்லை. 27-ஆம் அதிகாரத்தில் தீருவை ஒரு கப்பலாகவே வரைகிறார். செனீரின் மரத்தில் பலகை, லீபனோன் கேதுருவில் பாய்மரம், பாசானின் கர்வாலி மரத்தில் துடுப்பு, எகிப்தின் மெல்லிய துணியில் பாய். துடுப்பு வலிப்பவர்கள் சீதோன், அர்வாத் ஊர்க்காரர்கள். அப்புறம் சந்தைப் பட்டியல்: தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், யூதாவிலிருந்து கோதுமை, தேன், எண்ணெய். ரசித்து எழுதியவர் கைதான் இது. ஆனால் 13-ஆம் வசனத்தில் வெண்கலப் பாத்திரங்களோடு மனுஷரும் சரக்காக வருகிறார்கள். அந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

அந்தக் கப்பலை உடைப்பது கொண்டல் காற்று என்கிறது நம் தமிழ் வேதாகமம். நம் கடற்கரையிலும் கிழக்குக் காற்றுக்கு அதே பெயர்தான். மொழிபெயர்த்தவர் கரையில் நின்று கேட்ட சொல்லோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வாலிபர் ஐக்கியத் தம்பி: பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தீருவைப் பிடிப்பான் என்று எசேக்கியேல் சொன்னார். ஆனால் அவனால் முடியவில்லை என்கிறார்களே. அப்போ தீர்க்கதரிசனம் பொய்த்ததா அண்ணா?

நல்ல கேள்வி, மழுப்பக்கூடாத கேள்வி. பாபிலோன் 13 வருஷம் முற்றுகை போட்டதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜொசீபஸ்) எழுதுகிறார், கி.மு. 585 வாக்கில் தொடங்கி 573 வரை என்று கணக்கிடுகிறார்கள். தீரு கடைசியில் பாபிலோனுக்கு அடங்கியது போலத்தான் தெரிகிறது. ஆனால் தீவு சூறையாடப்படவில்லை, கொள்ளைப்பொருளும் கைக்கு வரவில்லை.

இதை வெளியே போய்த் தேட வேண்டியதில்லை தம்பி, எசேக்கியேலே 29:17 முதல் சொல்கிறார். அது கி.மு. 571, அவர் புத்தகத்தில் தேதி போட்ட வாக்குகளில் அதுதான் கடைசி. சுமை தூக்கித் தூக்கிப் படைவீரர்களின் தலை மொட்டையானது, தோள் தோல் உரிந்தது, ஆனாலும் கூலி இல்லை என்கிறார். அதற்குப் பதிலாக எகிப்தைக் கொடுப்பேன் என்கிறார் கர்த்தர். உலகத்தையே நடுங்க வைத்த ராஜா இங்கே கூலி பாக்கி நிற்கும் வேலையாள். தன் வாக்குக்குச் சங்கடம் தரும் செய்தியை மறைக்காமல் அதே புத்தகத்தில் வைத்திருக்கிறார் பாருங்கள், அதனாலேயே எனக்கு இவர்மேல் நம்பிக்கை கூடுகிறது.

26:3-இல் வருவது "அநேகம் ஜாதிகள்" என்பதையும் கவனியுங்கள் (ஜாதி என்றால் அங்கே தேசத்தார்). கடல் அலையை எழுப்புவது போல ஒருவர் பின் ஒருவராக. கி.மு. 332-இல் அலெக்சாந்தர் வந்தார். தீவிலிருந்த கோவிலில் பலி செலுத்த இடம் கேட்டார், மறுத்தார்கள். கரையிலிருந்த பழைய தீருவை இடித்து, அந்தக் கல்லையும் மரத்தையும் கடலில் கொட்டி, ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் பாதை போட்டார். ஏழு மாதத்தில் நகரம் விழுந்தது. 26:12-இல் கல்லும் மரமும் மண்ணும் தண்ணீருக்குள் போவதாக வருகிறதே, அதை இதோடு சேர்த்து வாசிப்பார்கள். அந்தப் பாதையில் மணல் சேர்ந்து, இன்று தீரு தீவே அல்ல, தீபகற்பம்.

வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரர்: "இனிக் கட்டப்படாய்" என்று இருக்கிறது. ஆனால் லெபனோனில் சூர் என்று ஊர் இருக்கிறதே? நானே போயிருக்கிறேன்.

இருக்கிறது. ரோமர் காலத்துக் குதிரைப் பந்தயத் திடலையும் பார்த்திருப்பீர்கள். தீரு வலை விரிக்கிற இடமாகும் என்ற 26:5-க்கு மீன் வலை காயும் படத்தைக் காட்டி "பார், நிறைவேறியது" என்று முடிக்கும் பிரசங்கம் எனக்குப் போதவில்லை. கரையிலிருந்த பகுதியைத்தான் சொன்னார் என்ற விளக்கமும் 26:5-இல் "சமுத்திரத்தின் நடுவிலே" என்று வருவதால் இடிக்கிறது. நகர அழிவைப் பாடும் தீர்க்கதரிசிகளின் பாட்டுநடை அது, கடல்ராணியாக இருந்த தீரு முடிந்தது என்பதே பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி.

இன்னொருவர்: 28-ஆம் அதிகாரம் சாத்தானைப் பற்றியதுதானே?

முதல் பத்து வசனம் "அதிபதி", எபிரெயத்தில் நாகீத். நான் தேவன், கடல் நடுவே தேவாசனத்தில் இருக்கிறேன் என்கிறான். அந்தக் காலத்தில் தீருவை ஆண்டவன் மூன்றாம் இத்தோபால். 12-ஆம் வசனத்திலிருந்து "ராஜா", அதாவது மெலெக். ஏதேன் தோட்டம், கேருபீன் என்னும் தேவதூதன் எல்லாம் அங்கேதான். சபைப் பிதாக்களில் சிலர் அதைச் சாத்தானாக வாசித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 16-ஆம் வசனத்தில் குற்றம் என்னவென்றால், வியாபாரம் பெருகியதால் கொடுமை நிரம்பியது. பிசாசின்மேல் மொத்தத்தையும் போட்டுவிட்டால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தப்பிவிடுவார்.

கடை வைத்திருக்கும் சகோதரர்: புதிய ஏற்பாட்டில் இதற்குத் தொடர்ச்சி உண்டா?

அப்போஸ்தலர் 12. தீரு, சீதோன் ஊர்க்காரர்கள் யூதேயாவை ஆண்ட ஏரோது அகிரிப்பாவோடு சமாதானம் கேட்டு வருகிறார்கள், காரணம் அவனுடைய நாட்டிலிருந்துதான் சாப்பாடு. எசேக்கியேல் காலத்தில் யூதாவின் கோதுமையை வாங்கியவர்கள் அப்போதும் அதே தானியத்துக்குத்தான் நிற்கிறார்கள். ஏரோது வெள்ளி நூலில் நெய்த உடையில் வந்தான், காலை வெயிலில் அது பளபளத்தது என்கிறார் யோசேப்பு. "இது தேவசத்தம்" என்று ஜனங்கள் கத்தினார்கள், அவன் மறுக்கவில்லை. ஐந்து நாளில் செத்தான், கி.பி. 44. மனுஷனைத் தேவன் என்று சொல்லும் பழைய தீருவின் பேச்சு இப்போது எருசலேமின் ராஜாவுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அதே ஆசிரியை: அழிவோடு தீருவின் கதை முடிகிறதா?

இல்லை அம்மா. ஏசாயா 23:18-இல் அதன் வியாபார லாபம் கர்த்தருக்குப் பரிசுத்தமாகும் என்று வருகிறது. பவுல் கடைசியாக எருசலேமுக்குப் போகும் வழியில் கப்பல் சரக்கிறக்க நின்றது தீருவில்தான். அங்கே சீஷர்கள் இருந்தார்கள், ஏழு நாள் அவர்களோடு தங்கினார். புறப்படும்போது மனைவி பிள்ளைகளோடு ஊருக்கு வெளியே வந்து, கடற்கரையில் முழங்காற்படியிட்டு ஜெபித்தார்கள். அப்போஸ்தலர் 21:5.