கடல் இறங்கினால் அருவி

கேள்வி: ஆஸ்திரேலியாவில் நடுக்கடலில் பவளத்திட்டு ஒன்று எழும்பி, அதிலிருந்து அருவி கொட்டுமாமே! பெர்த்தில் இருக்கும் மகன் டிசம்பரில் வரச் சொல்கிறான். அப்போது பார்த்துவிடலாமா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: டிசம்பர் வேண்டாம் அம்மா. அங்கே அது மழையும் புயலும் வரும் காலம். மே முதல் செப்டம்பருக்குள் போங்கள்.

நீங்கள் கேட்பது மான்ட்கோமரி ரீஃப். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே கிம்பர்லி கரையோரம், சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பு. பெர்த்திலிருந்து புரூமுக்கு விமானம், அங்கிருந்து சிறு கப்பல்.

உண்மையில் திட்டு எழும்புவதில்லை, கடல்தான் இறங்குகிறது. பாம்பன் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது; அங்கே பத்து மீட்டரைத் தாண்டும். கடல் இறங்கும் வேகத்துக்குத் திட்டின் மேலுள்ள தண்ணீரால் வடிய முடியாது. விளிம்பு நெடுக வழிந்து கொட்டுகிறது.

நான் போனது ஒரு ஜூலையில், பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள். பிற்பகலில் ரப்பர் படகில் இறக்கிக் கூட்டிப்போனார்கள். சுற்றிலும் வெறும் தண்ணீர். “எங்கேங்க?” என்று என் மனைவி கேட்டு முடிப்பதற்குள் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு சலசலப்பு. அரை மணியில் எங்கள் தலைக்கு மேலே சுவராக நின்றது திட்டு. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக நீர் இறங்கியது. நடுவிலுள்ள கால்வாயில் ஆமைகள் தலை நீட்டி மூச்சு வாங்கின. சிக்கிய மீனுக்காகக் கொக்குகள் விளிம்பில் வரிசை கட்டின. மனைவி என் கையை விடவே இல்லை.

தேதியை மட்டும் டிக்கெட் விலை பார்த்து முடிவு செய்யாதீர்கள். பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில்தான் கடல் நன்றாக வற்றும். அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் இந்தக் காட்சியில் பாதிகூடக் கிடைக்காது. படகிலிருந்து கையைத் தண்ணீரில் விடாதீர்கள், முதலைகள் உண்டு. முழங்கால் வலி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கப்பலிலிருந்து படகுக்கு இறங்குவதுதான் சிரமம்.

கேள்வி: பக்கத்திலேயே ‘படுக்கை அருவி’ என்று ஒன்றும் இருக்கிறதாமே?

பதில்: டால்பட் விரிகுடாவில் இருக்கிறது. கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் மலையின் இரண்டு குறுகிய இடுக்குகள் வழியே தண்ணீர் படுக்கைவாக்கில் முட்டிப் பாய்கிறது; அதனால்தான் அந்தப் பெயர். 2022-ல் அங்கே சுற்றுலாப் படகு ஒன்று விபத்துக்குள்ளாகிப் பலர் காயம்பட்டார்கள். அந்த மண்ணுக்குரிய டம்பிமங்காரி மக்கள், இடுக்குக்குள் படகு ஓட்டுவதை விரும்பவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொல்வதை மதிக்கத்தான் வேண்டும். நாங்கள் வெளியே நின்றே பார்த்தோம். அந்தப் பாய்ச்சலின் இரைச்சல் அங்கேயே நெஞ்சுக்குள் அதிர்ந்தது.